தாய்ப்பாறை தெரியவில்லை

குறுக்குத்துறையில் கோயிலை முக்கிய வெள்ளம் வடிந்து
ஒன்பதாம் நாள்
சிவனணைந்தான் ஆய்வகத்துக்கு வந்தார், ஈர வேட்டியோடு.
ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை
நைலான் கயிற்றில் கட்டி ஆற்றடியில் இழுப்பது அவர் பிழைப்பு.
இரண்டு ரூபாய்கள், ஊக்குகள், நேர்ந்து போட்ட தகர வேல்,
ஒருமுறை முழுசாக ஒரு சைக்கிள் செயின்.
அன்றைக்கு பஸ் டிக்கெட்டில் மடித்து
புளியங்கொட்டை அளவில் ஒன்று.

"வெள்ளின்னா காந்தத்துல ஒட்டாதுல்லா மேடம்.
இரும்புன்னா இம்புட்டு வெளுப்பா இருக்காது.
பின்ன இது யாரு?"

எது என்று கேட்கவில்லை. யாரு என்றார்.

பாளையங்கோட்டையில் கரண்ட் போன மதியம்.
மெருகில்லா ஓட்டில் தேய்த்தேன், சாம்பல் கோடு.
கண்ணாடியைக் கீறினேன், கீறியும் கீறாமலும் ஒரு தடம்:
கடினம் ஐந்தரைக்குப் பக்கம்.
சுத்தியலுக்கு உடையவில்லை,
விளிம்பு மட்டும் நசுங்கிக்கொடுத்தது.
பழைய தராசில் நூல் கட்டி நீருக்குள் தொங்கவிட்டேன்.
அடர்த்தி, எட்டும் கொஞ்சமும்.
ஒரு சொட்டு அமிலம், ஒரு சொட்டு அம்மோனியா,
கடைசியில் அந்த நீளப் பெயர்க் கரைசல்.
வடிதாள் செம்பருத்தியாகச் சிவந்தது. நிக்கல்!
கரண்ட் வந்ததும் கருவி கணக்கை முடித்தது,
நிக்கல் மூன்று, இரும்பு ஒன்று.

அவாருவைட்.
நியூசிலாந்தில் ஒரு கடற்குடாவின் பெயர்.
முதலில் கிடைத்த ஊரை இனிஷியலாகச் சுமக்கும் கனிமம்.
பட்டியலில் அதற்கு இடம் தனிமங்களோடு;
இரண்டு உலோகம் சேர்ந்து கிடந்தாலும்
தங்கம், செம்பு, கந்தகம் இருக்கும் அதே இழுப்பறை.
சேர்ந்ததை அங்கே யாரும் குற்றமாக எழுதவில்லை.

ஆனால் ஒரு விதி உண்டு.
இதே மூன்றுக்கு ஒன்றை ஒருவன் உலையில் உருக்கியிருந்தால்,
இதே எடை, இதே வெண்மை,
அணுக்கள் இதே வரிசையில் நின்றாலும்
அது கனிமம் இல்லை.
பிறந்த இடம் கேட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

பாம்புத்தோலாகப் பச்சை ஓடிய பாறை வேண்டும், தாயாக.
நம் மலையின் வரைபடத்தை விரித்தேன்.
விரல் போன இடமெல்லாம் சார்னோகைட், நைஸ், கார்னெட்.
பச்சை இல்லை.
இல்லவே இல்லை என்று சொல்ல
நான் அந்தக் காட்டில் எவ்வளவு நடந்திருக்கிறேன்?
ஆற்றோரம் எங்காவது ஒரு பட்டறை இருந்திருக்கவும் கூடும்.

அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும்.
வாடகைக்கு வீடு கேட்டுப் போனால்
காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்பார்கள்,
"ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?"
தெருப் பெயர் சொன்னால் போதும்.
வீட்டை வேறு யாரோ முந்தாநாளே பேசி முடித்திருப்பார்கள்.

ஆய்வகக் கதவில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன்.
அமிலம் தொடும் முன் பையன்கள்
மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றி அதில் மாட்ட வேண்டும்.
மணி அடித்ததும் கலர் பார்த்து எடுத்துக் கட்டிக்கொள்வார்கள்.
இத்தனை வருஷத்தில் ஒருத்தன் மாற்றி எடுத்ததில்லை.

இதில் பாதி சொன்னேன் அவரிடம்.
காந்தத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.
"ஆத்துல கெடந்துச்சு. ஆத்துப் பேரைப் போடுங்க."
அப்படிப் போட முடியாது என்றேன்,
உலையில் பிறந்திருந்தால் இது வெறும் துண்டு.
"துண்டுக்கும் ஒரு பேரு வேணும்லா" என்றவர்
டிக்கெட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.
அதில் யாருடையதோ போன் நம்பர் இருந்தது.

பதினோரு நாளாக ஒரு தம்ளர் தண்ணீரில்
ஓர் இரும்பு ஆணியும் அதுவும் கிடக்கின்றன.
ஆணியால் தண்ணீர் தேரிமண் நிறமாகிவிட்டது.
அது வெளுப்பு மாறாமல் அடியில்.

சீட்டில் எழுதியது இவ்வளவு:
கிடைத்த இடம் குறுக்குத்துறை,
மண்டபத்துக்குக் கீழே, முழங்கால் ஆழம்.
எடுத்தவர் பெ. சிவனணைந்தான்.
தாய்ப்பாறை தெரியவில்லை.

எந்த இழுப்பறை என்று முடிவாகாததால் மேசை மேல்தான் இருக்கிறது.
பையன்கள் விரல் விட்டுத் துழாவி எடுக்கிறார்கள்.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்து
இத்துனூண்டுக்கு இந்தக் கனமா என்கிறார்கள்,
ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்கு.